காஜாக்கா வீட்டுக் கருவண்டு

வெள்ளைச் சட்டையின் முதுகில் மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்திருந்தது. தையற்கடைக்காரர் அதை விரலால் சுரண்டிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்துவிட்டு, "என்ன காஜாக்கா, மஞ்சள் அரைக்கிற கையோட ஊசியப் பிடிச்சீங்களா?" என்று கேட்டார். காஜாக்கா சட்டையை வாங்கிச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தான் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்துக்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்தாள். பால்கனி உத்தரத்தின் அடிப்பக்கத்தில், அளந்து துளைத்ததுபோல் வட்டமாக ஒரு துளை. துளையிலிருந்து ரவை மாதிரி மரத்தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரேலென்று ஒரு வண்டின் பின்புறம் வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது.

சட்டைகளுக்குப் பொத்தான் துளை வெட்டி, அதன் விளிம்பை நூலால் சுற்றித் தைப்பதற்குக் காஜா எடுப்பது என்று பெயர். அவள் கையால் காஜா எடுப்பவள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவள் கணவர் ஒருவர்தான். அதே தையற்கடையில் துணி வெட்டும் மாஸ்டராக இருந்தவர். கத்தரிக்கோல் கையிலிருக்கும்போதே மாரடைப்பு வந்து, வீட்டிலிருந்த தன் வெட்டுமேசைமேல் தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப்பின் அவள் எல்லோருக்கும் காஜாக்கா.

வீடு அகலமில்லாதது. உயரமானது. கீழே கணவரின் தம்பியும் அவன் மனைவியும். மேலே இவள். மேல்மாடியில் ஓர் அறை, சமைக்க ஒரு மூலை, தெருவைப் பார்த்தபடி மரத்தாலான பால்கனி. பால்கனியில்தான் வெளிச்சம். கருப்பு நூலில் கருப்புச் சட்டைக்குக் காஜா எடுக்கிறவளுக்கு வெளிச்சம்தான் பாதிக் கண்.

வண்டுகளோடு அவள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தாள். உத்தரத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தாளைத் தொட்டில்போல் கட்டினாள். தூளும் எச்சமும் அதில் விழுந்தன. வாரத்துக்கொருமுறை அவிழ்த்து உதறினாள். நாற்காலியைப் பால்கனியின் மறு கோடிக்கு நகர்த்திக்கொண்டாள். பார்க்கப் பார்க்க அவற்றின் நடப்பு பிடிபட்டது. முகத்துக்கு எதிரே வந்து அந்தரத்தில் நின்றுகொண்டு, சண்டைக்கு வந்தவன்போல் முறைக்கும் பழுப்பு ரோமக்காரன் ஆண். அவனுக்குக் கொடுக்கே கிடையாது. வெறும் சவடால். உடம்பு முழுக்கக் கருப்பாக, இறக்கையில் நீலம் மின்ன, வாயை மூடிக்கொண்டு மரத்தைக் குடைகிறவள் பெண். கொட்டக் கூடியவள் அவள்தான். ஆனால் சும்மா கொட்டமாட்டாள்.

இதை அவள் கற்றுக்கொண்டது ஒரு சட்டை மடிப்பில். பூத்தூள் சுமந்து வந்த ஒன்று மடிப்புக்குள் ஒதுங்கியிருக்கிறது. தெரியாமல் கையை வைத்து அழுத்திவிட்டாள். நெருப்புத் துண்டை உள்ளங்கையில் வைத்துத் திருகியதுபோல் இருந்தது. கை வீங்கி ஊசியைப் பிடிக்க முடியாமல் போய், அன்றைய சட்டைக் கட்டை அப்படியே திருப்பி அனுப்பினாள். அவற்றை அவள் நேசித்தாள் என்று சொல்ல முடியாது. "வேற வீடே கெடைக்கலையா உங்களுக்கு" என்று திட்டுவாள். திட்டுவதற்கு ஆள் இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கொழுந்தன் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்தில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக்கத்தியே அவனுக்குக் கிளட்ச் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவன் மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். அவனுக்குச் சொந்தமாக ஒரு ஸ்கூல் தொடங்க ஆசை. சாலை விதிப் பலகைகளை மாட்டி வகுப்பெடுக்க ஓர் அறை வேண்டும். மேல்மாடியைக் கண்ணில் வைத்துவிட்டான். ஆனால் வீடு அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்தது. அண்ணியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள முடியாது.

"உங்களுக்கு எதுக்கு அண்ணி இவ்வளவு இடம்? ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு. கீழ ஸ்டோர் ரூம்லயே ஒரு மூலை போதுமே."

"ஊசிக்கு அது போதும். எனக்குப் பத்தாது."

அவன் சிரித்தான். அவளிடம் குரலை உயர்த்த மாட்டான். அண்ணி என்ற வார்த்தையை விடவும் மாட்டான். வாங்க, போங்க, சாப்டீங்களா, எல்லாம் இருக்கும். அவன் மரியாதையைக் கேட்டாலே காஜாக்கா ஊசியைக் கீழே வைத்துவிடுவாள்.

அவன் தேடிக்கொண்டிருந்த சாக்கை வண்டு கொடுத்தது. ஒருநாள் ஓரகத்தி வாசலில் துணி உலர்த்தும்போது ஆண் வண்டு ஒன்று அவள் முகத்துக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. பயந்து பின்னால் நகர்ந்தவள் படியில் இடறிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கிளட்ச் பூப்பந்து மட்டையோடு மேலே வந்தான்.

பால்கனியில் நின்று ஒவ்வொன்றாக அடித்தான். சவடால்காரர்கள் முதலில் விழுந்தார்கள். ஓடத் தெரியாமல் எதிரே வந்து நின்றதுதான் அவர்கள் செய்த தப்பு. பிறகு பூவுக்குப் போய்த் திரும்பிய பெண்களைத் துளைவாசலில் காத்திருந்து அடித்தான். அடிபட்டது உடனே சாகாவிட்டால் இன்னும் சந்தோஷம். செருப்பு நுனியால் ஓர் இறக்கையை மட்டும் மிதித்துக்கொண்டு, அது சுற்றிச்சுற்றி வருவதைப் பார்ப்பான். அப்படி ஒன்றை எடுத்துக் காஜாக்கா மடித்து வைத்திருந்த சட்டையின்மேல் போட்டான்.

"இதுக்கொரு காஜா எடுத்துக் குடுங்க அண்ணி. இறக்கை நல்லா பறக்கும்."

ஓரகத்தி கீழேயிருந்து, "நல்லா அடிங்க, என் கால் போச்சு" என்றாள். காஜாக்கா அந்த வண்டை ஒரு துணித்துண்டால் எடுத்து, நகத்தால் நசுக்கிக் கொன்றுவிட்டு, அடுத்த பொத்தானுக்குப் போனாள்.

அவனுக்கு அது போதவில்லை. ஒரு சாயங்காலம், வண்டுகள் எல்லாம் அடைந்த நேரம் பார்த்து வந்து, துளைகள் எல்லாவற்றையும் மர மக்குப் பசை வைத்து அடைத்தான். உள்ளே எத்தனை இருந்தனவோ. அதோடு பால்கனிக் கதவுக்குக் குறுக்கே பலகைகளை வைத்து ஆணி அடித்தான்.

"பாதுகாப்புக்குத்தான் அண்ணி. உங்களைக் கொட்டிடுச்சுன்னா அண்ணன் ஆவிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"வெளிச்சம் இல்லாம நான் எப்படி வேலை செய்றது?"

"பல்பு இருக்கே. கண்ணு வலிச்சா கொஞ்சம் ஓய்வெடுங்க. உங்க வயசுக்கு ஓய்வு நல்லதுதான்."

மறுநாளிலிருந்து அவள் பல்பு வெளிச்சத்தில் தைத்தாள். தலைக்கு மேல் சுவரோடு பதிந்திருந்த உத்தரத்தின் வால்பகுதியில் கரகரவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடைபட்டவை உள்ளுக்குள் கடித்துக்கொண்டிருந்தன. ஒன்றின் சத்தம் நின்றுபோகும். வேறோர் இடத்தில் இன்னொன்று தொடங்கும். அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். கண்ணுக்கு வைக்க எதுவும் இல்லை. தையல் கோணியது. கடைக்காரர் கருப்புச் சட்டைகளை வேறொருத்திக்குக் கொடுக்கத் தொடங்கினார்.

அந்த நாட்களில் அவள் அறைக்கு ஏறி வந்து போன ஒரே வெளியாள் தையற்கடையின் இஸ்திரிக்காரர். கடைவாசல் நடைபாதையில் மேசை போட்டுச் சட்டைகளுக்கு இஸ்திரிப் பெட்டி போடுவது அவர் வேலை. காஜா எடுக்க வேண்டிய கட்டைக் கொண்டுவந்து தருவதும், முடிந்ததை வாங்கிப்போவதும் அவர்தான். அதிகம் பேச மாட்டார். ஒருநாள் இருட்டறையைப் பார்த்துவிட்டுப் போனவர், அடுத்த நாள் கழுத்து வளைக்கக்கூடிய பழைய மேசை விளக்கு ஒன்றைக் கட்டோடு சேர்த்துக் கொண்டுவந்தார்.

"கடைல சும்மா கெடந்துச்சுக்கா. கேட்டா எலி தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லிக்கலாம்."

காஜாக்கா வெகு நாளைக்குப்பின் சிரித்தாள்.

மரத்துக்குள் அடைபட்டவற்றில் சில சாகவில்லை. வெளிப்பக்கம் அடைத்திருந்ததால் அறைப்பக்கமாகக் குடைந்து வெளியே வந்தன. ஒருநாள் காலை அவள் தலையணையில் மரத்தூள் கிடந்தது. சமையல் மூலையின் கையகல ஜன்னல் கண்ணாடியில் இரண்டு பெண் வண்டுகள் முட்டிக்கொண்டிருந்தன. ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவை வெளியே பறந்ததைக் கீழே பல் துலக்கிக்கொண்டிருந்த கிளட்ச் பார்த்துவிட்டான்.

"ரூமுக்குள்ளயே வளக்குறீங்களா அண்ணி?" என்றான் வாயில் நுரையோடு. "அப்போ சாமான்லயும் இருக்கும். பாத்துடுவோம்."

அவள் கண் ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் அவன் பார்த்தான். கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் எல்லாம் மங்கலாகத் தெரிய, சுவரைப் பிடித்துக்கொண்டே தெருவில் நடந்து வந்தவளுக்கு முதலில் புகை மணம்தான் தெரிந்தது. பின்கட்டுக்குப் போனாள். கணவரின் வெட்டுமேசை எரிந்துகொண்டிருந்தது. கால்கள் நான்கும் தனியே அறுக்கப்பட்டு, மேல்பலகை மூன்று துண்டாகப் பிளக்கப்பட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. ஓரகத்தி அதில் வெந்நீர்ப் பானையை வைத்திருந்தாள்.

"ஓட்டை இருந்துச்சு அண்ணி, ஓரத்துல. நல்லாவே குடைஞ்சிருக்கு. விட்டா வீடு பூரா பரவும்."

"அது வண்டு போட்ட ஓட்டை இல்ல. விளக்கு மாட்ட உங்க அண்ணன் போட்டது."

கிளட்ச் ஒரு கணம் மனைவியைப் பார்த்தான். பிறகு நெருப்பைப் பார்த்தான்.

"அப்படியா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க."

ஓரகத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, புகை கண்ணில் பட்டதுபோல் திரும்பிக்கொண்டாள். காஜாக்கா மேலே போனாள். மேசை இருந்த இடம் தரையில் நீளமாக வேறு நிறத்தில் தெரிந்தது. அவள் அழவில்லை. மருந்து விட்ட கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததால், அழுதாளா என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அவர்கள் வீட்டுத் துணிக்கு அவள்தான் பொத்தான் தைக்க வேண்டும். அது எப்போதோ ஏற்பட்ட வழக்கம். அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாரக் கடைசியில் ஓரகத்தி கிளட்சின் புதுச் சட்டையைக் கொண்டுவந்து போட்டாள். டிரைவிங் ஸ்கூல் சீருடை. மார்பில் மூடி வைத்த பை.

"பை மூடிக்குப் பொத்தான் இல்லக்கா. திங்கக்கிழமை போட்டுட்டுப் போகணுமாம்."

திங்கட்கிழமை விடியல் குளிராக இருந்தது. சட்டை தயாராகி நாற்காலி முதுகில் தொங்கியது. ஜன்னல் கட்டையில், மரத்திலிருந்து புதிதாக வெளிவந்த ஒரு வண்டு குளிரில் விறைத்துப்போய் அசையாமல் உட்கார்ந்திருந்தது. காஜாக்கா வெந்நீர் வைத்துக்கொண்டே அதைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு ஒரு தீப்பெட்டியின் உள்கூட்டால் அதை அள்ளி, வெளிச்சத்தில் ஆணா பெண்ணா என்று திருப்பிப் பார்த்தாள். பழுப்பு ரோமம் இல்லை. இறக்கையில் நீலம் மின்னியது. பை மூடியைத் தூக்கி, வண்டை உள்ளே மெதுவாகச் சரித்து, தான் தைத்த பொத்தானைத் தான் எடுத்த காஜாவில் மாட்டினாள். அவன் துடிக்க வேண்டும். அவள் வேண்டியது அவ்வளவுதான். தெருவில், நாலு பேர் பார்க்க, பட்டனைக் கழற்றத் தெரியாமல் குதிக்க வேண்டும். அதை நினைக்கும்போது அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது.

கிளட்ச் தானே மேலே வந்து சட்டையை எடுத்து அங்கேயே மாட்டிக்கொண்டான். பையைத் தட்டிப் பார்த்துவிடுவானோ என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் மூடியின் பொத்தானை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"மனசுல என்ன கோவம் இருந்தாலும் உங்க வேலை சுத்தம் அண்ணி."

படியிறங்கும் சத்தம் நின்றதும் அவள் உட்கார்ந்து வெந்நீரைக் குடித்தாள்.

அன்று காரோட்டக் கற்க வந்தவர் ஒரு பேக்கரிக்காரர். இரண்டாவது நாள்தான். கார் கிளம்பி, வெயில் ஏறி, வண்டியின் உள்ளே சூடு பரவும்வரை ஒன்றும் நடக்கவில்லை. தையற்கடைத் தெருவில் திரும்பும்போது பேக்கரிக்காரர் பிரேக்கை அழுத்திப் பிடித்துவிட, சீட் பெல்ட் கிளட்சின் மார்பை இறுக்கியது. அவன் போட்ட கூச்சலில் பேக்கரிக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. வழக்கம்போல் கிளட்ச் என்று கத்துகிறான் என்று நினைத்து, கண்டபடி மிதித்திருக்கிறார். மிதித்தது ஆக்ஸிலரேட்டரை. பக்கத்துச் சீட்டில் கற்றுக்கொடுப்பவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்க வேண்டியவன் இரண்டு கையாலும் மார்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். கார் நடைபாதையில் ஏறி, இஸ்திரி மேசையைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் நின்றது.

மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இஸ்திரிக்காரரின் வலது கை இருந்தது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

செய்தியை ஓரகத்திதான் படியில் நின்று கத்திச் சொன்னாள். தன் புருஷன் மார்பு வீங்கியதைப் பற்றிச் சொன்னாள், கார் நொறுங்கியதைச் சொன்னாள். கடைசியில், "அந்த இஸ்திரிக்காரன் கை வேற போச்சு" என்றாள். காஜாக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் காதில் நுழையவில்லை. எச்சில் தொட்டு மறுபடி கோத்தாள். மறுபடி.

கிளட்சின் பையிலிருந்து நசுங்கிய வண்டை எடுத்தார்கள். அதை ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு விசாரித்தவர்களிடம் எல்லாம் காட்டினான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரேக்கை மிதிக்காதது அவன் பிழை என்று முடிவாயிற்று. கற்றுக்கொடுக்கும் உரிமம் போனது. வேலையும் போனது. வீங்கிய மார்போடு மேலே ஏறி வந்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளிடம் அவன் குரல் உயர்ந்தது.

"உங்க வண்டு. உங்க ரூம்ல தொங்குன சட்டைக்குள்ள பூந்து உக்காந்திருக்கு. நீங்க அதப் பாக்கக்கூட இல்ல. கண்ணு இருந்தாத்தான பாக்குறதுக்கு."

காஜாக்கா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் சந்தேகப்படவில்லை. அவள் எடுத்துப் போட்டிருப்பாள் என்று ஒரு நொடிகூட அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றுகிற அளவுக்கு அவளை அவன் ஓர் ஆளாக எண்ணியதில்லை. தப்பித்தோம் என்ற நிம்மதியோடு அதுவும் சேர்ந்து அவளுக்கு உறைத்தது. நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. இஸ்திரிக்காரரின் முகம் நினைவுக்கு வரவே வாயை மூடிக்கொண்டாள்.

இஸ்திரிக்காரர் வீடு திரும்பியபின் பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டு போட்ட கை ஒரு தலையணைமேல் இருந்தது. அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வெரலெல்லாம் அரிக்குதுக்கா," என்றார் அவர். "இல்லாத வெரலு. சொறியவும் முடியல."

காஜாக்கா பழங்களை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஒரு வண்டால வந்துச்சாமே," என்றாள் மனைவி. "உங்க வீட்டு வண்டுன்னு சொல்றாங்க. அத முன்னாடியே அடிச்சு ஒழிச்சிருக்கணும்க்கா நீங்க. பாவம் பாத்துட்டு இருந்தீங்களாமே."

"ஆமாக்கா," என்றார் இஸ்திரிக்காரர். குரலில் கோபம் எதுவும் இல்லை. "ஒழிச்சிருக்கணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காஜாக்கா கீழே இறங்கிக் கிளட்சைக் கூப்பிட்டாள். பால்கனிக் கதவில் அடித்த பலகைகளை அவனைக்கொண்டே பிடுங்க வைத்தாள். எந்தத் துளை பழையது, எது புதியது, எது உள்ளே போய் எந்தப் பக்கம் திரும்புகிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் டார்ச் பிடித்துக் காட்ட, அவன் மக்கைப் பெயர்த்துவிட்டு ஒவ்வொன்றிலும் பீச்சாங்குழலால் மண்ணெண்ணெய் ஊற்றினான். உள்ளேயிருந்து புழுக்கள் வழிந்தன, வெள்ளையாக, விரல்மொத்தத்தில், கால்கூட முளைக்காமல். தப்பி வந்த தாய்களை அவள் தன் செருப்பாலேயே தேய்த்தாள். ஒரு துளையை அவன் விட்டுவிட்டான். அவள் விடவில்லை.

"இங்க ஒண்ணு இருக்கு. ஊத்துங்க."

"இதுலயா? காலியா இருக்கும் அண்ணி."

"ஊத்துங்க."

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. ஓரகத்தி இருவருக்கும் காபி கொண்டுவந்து தந்தாள். பின்னால் உத்தரத்தையே மாற்றி, இரும்புக் குழாய் வைத்தார்கள்.

நினைத்துப் பார்த்தால், காஜாக்கா வேண்டியது எல்லாம் கிடைத்தது. உரிமம் இல்லாதவனுக்கு டிரைவிங் ஸ்கூல் எதற்கு? கிளட்ச் சரக்கு வேன் ஓட்டப் போனான். மேல்மாடிப் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. பால்கனி திறந்தது. வெளிச்சம் வந்தது. கருப்புச் சட்டைகளும் திரும்பி வந்தன. அவற்றைக் கொண்டுவந்தது இஸ்திரிக்காரரின் மனைவி. மேசையும் பெட்டியும் இப்போது அவளுடையவை. பெட்டியின் கனம் பழகாததால் அவள் முழங்கையில் எப்போதும் ஒரு துணி சுற்றியிருக்கும். இஸ்திரிக்காரர் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் சட்டை மடித்தார். அவர் வீட்டுக்குக் கிளம்பியபின் கடைக்காரர் அவற்றைப் பிரித்து மறுபடி மடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும்.

ஒருநாள் கட்டை வாங்கும்போது காஜாக்கா அந்தப் பெண்ணிடம் மெல்லக் கேட்டாள்.

"அவர் சட்டை எல்லாத்தையும் ஒருதரம் கொண்டாந்து குடும்மா. காஜாவ கொஞ்சம் பெருசாக்கி, பொத்தானையும் மாத்தித் தரேன். ஒத்தக் கையாலயே போட்டுக்கலாம். காசு வேணாம்."

அந்தப் பெண் கட்டைக் கீழே வைத்து, முழங்கைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்க்கா. இப்பல்லாம் அவருக்குப் பனியன்தான் வாங்குறேன். தலை வழியா மாட்டி விட்டுடலாம். எதுக்குப் பொத்தானோட போராடிக்கிட்டு."

முடிந்த சட்டைகளை எண்ணி வாங்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள். காஜாக்கா புதுக் கட்டைப் பிரித்து, மேலே இருந்த சட்டையை எடுத்து மடியில் விரித்தாள்.